உறைந்துபோன இன்சுலின்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. சர்க்கரைக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். அவள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது, தகரக் கூரை வேறு. அதனால் மருந்து எங்கள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும்.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள், கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் பெரிய சீலா மீனாக இரண்டு கொண்டுவந்தார். இடம் பண்ணும் அவசரத்தில் மருந்துப் பாட்டிலை ஃப்ரீஸரில் தள்ளிவிட்டேன். மதியம் பார்த்தால் கல்லாக உறைந்திருந்தது. பதறிப்போய் எடுத்து வெளியே வைத்தேன். சாயங்காலத்துக்குள் இளகிவிட்டது. பார்வைக்குப் பழைய மருந்து மாதிரியே இருந்தது. அக்கா வந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் உப்புப் பாத்தி வரப்பிலேயே தலைசுற்றி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது.

"ஊசி போடாம விட்டீங்களா? திருவிழாவுல இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று நர்ஸ் அதட்டினார்.

"இல்லம்மா, ஒரு வேளைகூட விடல" என்றாள் அக்கா. நர்ஸ் நம்பவில்லை. அக்காவின் கண் கலங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை.

"சிஸ்டர், மருந்து ஃப்ரீஸர்ல உறைஞ்சிட்டு. நான்தான் வச்சேன்."

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உறைஞ்சா அது செத்த மருந்து. உருகினாலும் வேலை செய்யாது. தூரப் போட்டிருக்கணும்." பிறகு அக்காவின் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆட்டோவில் வீடு திரும்பும்போதுதான் அக்கா பேசினாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, ஏளா? வேற வாங்கியிருப்பேனே."

"பயந்துட்டேன்க்கா."

"நான் என்ன உன்னை அடிக்கவா போறேன்?"

நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை.

அந்த வாரம் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, ஈர மணலில் பதித்த மண்சட்டிக்குள் பாட்டிலை வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும், பிரிக்காத பாட்டில் ஒன்றோடு வாசலில் வந்து நின்றாள்.

"இதை நீ வச்சுக்க, ஏளா. நடுத்தட்டுல வை. மீன் வந்தா முதல்ல எங்கிட்டச் சொல்லு."

நான் டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, காப்பி கேட்டாள். சர்க்கரை போடாமல் கலந்து கொடுத்தேன்.