அக்காவின் மஞ்சக்காடு

அமெரிக்காவில், சுகர் லேண்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, வயல்களை வானத்திலிருந்து பார்க்கிறது. சாட்டிலைட் படங்களை வைத்து எந்த ஊரில் எந்தப் பயிர் எப்படி வளர்கிறது என்று கணித்து, வளரும் நாடுகளின் சிறு விவசாயிகளுக்கு மெசேஜ் அனுப்புவோம். தண்ணீர் பாய்ச்சுங்கள், உரம் போடுங்கள், களை எடுங்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு மீட்டிங். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் வயல்களைத் திரையில் போட்டார்கள். நல்ல பச்சைக்கு நடுவே அங்கங்கே வெளிறிய துண்டுகள். எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். "இதெல்லாம் அடாப்ஷன் ப்ராப்ளம். நாம மெசேஜ் அனுப்பறோம், அவங்க ஆக்ட் பண்ண மாட்டேங்கறாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் என் சீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினேன். வாய்க்கால் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் வெளிறிக் கிடந்தது என் அக்காவின் காடு. எங்கள் பக்கம் வயலைக் காடு என்றுதான் சொல்வோம்.

அக்கா பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். பதினொன்று படிக்க பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகவேண்டும். வயசுப் பெண் தினமும் பஸ்ஸில் போய்வருவதா என்று அப்பா நிறுத்திவிட்டார். நான் பத்து முடிப்பதற்குள் எங்கள் ஊர்ப் பள்ளியையே மேல்நிலைப் பள்ளி ஆக்கிவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். சின்னவளுக்குப் படிப்புராசி என்று அப்பா இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்தாள். உதடு சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தது. முந்தானையிலிருந்து எதையோ எடுத்து மென்றுகொண்டே இருந்தாள்.

"என்னக்கா வாயில?"

"அரிசி கண்ணு. கொஞ்ச நாளா இதத்தான் தின்னோணும்னு இருக்குது."

"உடம்புக்கு என்ன?"

"ஒரு பாத்தி களை எடுக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. எந்திரிச்சா கண்ண இருட்டிட்டு வருது. மாசத்துல பாதி நாள் தீட்டாவே போவுது. இதப் போயி யாருகிட்டச் சொல்றது?"

ஊருக்கு வரும் நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறாள். வெறும் வயிற்றில் போட்டு, வயிறு பிசைந்து, அக்கா நிறுத்திவிட்டாள். சாப்பிட்ட பிறகு போடு என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

"உங்க மாமன் போன்ல ஏதோ மெசேஜ் வந்துச்சாமா, களை சாஸ்தியா இருக்குதுன்னு. திருப்பூர்ல இருந்து கூப்பிட்டுச் சத்தம் போடறாரு" என்றாள்.

மாமா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். காடு அவர் பெயரில், போன் அவர் கையில். வேளாண்மைத் துறைக்காரர்கள் பயிற்சி வைத்தால் கூப்பிடுவதும் அவரைத்தான். காட்டில் குனிந்து நிமிர்வது மட்டும் அக்கா. அந்த மெசேஜை அனுப்பியதே என் கம்பெனிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமாவைக் கூப்பிட்டு, அக்காவை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "காட்டலாந்தான் அம்மிணி, வேண்டாங்கல. மஞ்ச வெட்டி முடியட்டும். இப்ப அவ படுத்துட்டா காட்டை யாரு பாக்கறது?"

"அவ விழுந்துட்டா யாருங்க மாமா பாப்பாங்க?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அடுத்த மீட்டிங்கில் நான் பொறுக்காமல் பேசிவிட்டேன். அந்த வெளிறிய துண்டு ஒன்றில் வேலை செய்பவளுக்கு உடம்பில் ரத்தமே இல்லை, மெசேஜ் போவது வேறு ஊரில் இருக்கும் அவள் புருஷனுக்கு, அவள் என் அக்கா என்றேன். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸாரி டு ஹியர். பட் ஹெல்த் நம்ம ஸ்கோப்ல இல்லையே" என்றார். நல்ல மனுஷர். மத்தியானம் என் மேஜைக்கு வந்து, ஊருக்குப் போகணும்னா லீவ் எடுத்துக்கோங்க என்றும் சொன்னார். விசா ரின்யூவலில் இருந்தது. போனால் திரும்பி வர முடியுமோ முடியாதோ. போகவில்லை.

ஐப்பசி மழையில் அக்கா காட்டிலேயே மயங்கி விழுந்தாள். பக்கத்துக் காட்டுப் பெண்கள் தூக்கி ஆட்டோவில் போட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். இந்த உடம்போடு எப்படி இவ்வளவு நாள் நடமாடினாள் என்று டாக்டர் கேட்டாராம். நடமாடவில்லை, களை எடுத்தாள் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அவள் படுத்திருந்த நாட்களில் களை மண்டி, தண்ணீர் தேங்கி, கிழங்கு அழுகிப்போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் மாமா, "பொம்பளைக்கு ஒடம்பு செரியில்ல, அதான் வெள்ளாமை போச்சு" என்றார். அதைத்தான் நான் ஆகஸ்டிலேயே சொன்னேன். தை பிறந்ததும் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். எடுத்தவருக்கு மாடுபோல உழைக்கும் இரண்டு மகன்கள்.

போன வாரம் மகளை நீச்சல் கிளாஸில் விட்டுவிட்டு, பார்க்கிங்கில் காரிலிருந்தபடியே அக்காவைக் கூப்பிட்டேன். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"இப்பத்தான் கண்ணு ஒடம்பு ஒடம்பா இருக்குது. காலைல இருந்து களை எடுத்தாலும் மூச்சு வாங்கறதில்ல."

"எங்கக்கா களை எடுக்கற? காட்டத்தான் விட்டாச்சே?"

"நம்ம காட்டுலதான். கூலிக்குக் கூப்பிட்டாங்க. எங்க தண்ணி நிக்கும், எங்க கோரை மொளைக்கும்னு எனக்குத் தெரியுமல்ல?"

சிரித்தபடியேதான் சொன்னாள். பின்னால் யாரோ கூப்பிட, வைக்கிறேன் கண்ணு என்று போய்விட்டாள்.

மகள் ஈரத்தலையோடு காரில் ஏறினாள். போனைப் பார்த்து, "இஸ் பெரியம்மா பெட்டர் நவ்?" என்று கேட்டாள்.

"ம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.