வண்டியைத் திருப்பியவர்

ராஜபாளையத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மேற்கு மலையில் ஈட்டியோடு பன்றி வேட்டைக்குப் போகிறவர். பேசுமுன் முறுக்கு மீசையை ஒருமுறை தடவிக்கொள்வார்.

தூத்துக்குடியில் பஞ்சு வாங்கும் துரை ஒருவர், கடலில் சீலா மீன் பிடிக்க அவரை அழைத்தார். துரையின் குமாஸ்தாவான நானும் படகில் இருந்தேன். துரை தம் தூண்டில் கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அலறல் கேட்டுத் திரும்பினோம். ஆள் நீள மீன் ஒன்று துள்ளி விழுந்தது, கம்பைக் காணோம். பக்கத்தில் நின்ற படகுக்காரன்தான் தட்டிவிட்டான் என்று துரை அவனைப் பிரம்பால் அடித்தார்.

எனக்கும் அதே ஊர்தான். விடுமுறையில் அவரோடு கிளம்பி, சாத்தூரில் ரயிலிறங்கி இருவரும் ஒரே மாட்டுவண்டியில் வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றபோது தெரிந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, கடல்ல எம்புட்டு பெரிய மீனு பிடிச்சிய?"

மீசைக்குப் போன கை பாதியில் நின்றது.

"மீனு பாஞ்சதும் பயந்து கம்பை விட்டது நாந்தான். அடி வாங்குனது படகுக்காரன். நான் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தலை நிமிராமலே வண்டிக்காரனிடம், "ஏலே, சாத்தூருக்கே திருப்பு" என்றார்.

"செத்த நேரத்துல வீடு வந்துருமே ஐயா?"

"அவன் முன்னால போயி நின்னுட்டு வாரேன். பொறவு வீடு."

நான் அங்கேயே இறங்கி வேறு வண்டியில் ஊர் போனேன். விடுமுறை முடிந்து தூத்துக்குடி போனதும், அவர் என்ன சொன்னார் என்று படகுக்காரனிடம் கேட்டேன்.

"வந்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் வலையை உதறப் போய்விட்டான்.