ஒரே இழுப்பில் பிடிக்கும் மோட்டர்

படகுக்கு மாட்டுகிற அந்த மோட்டரில் எப்படியாவது ஒரு கோளாறு இருந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற தொழிற்சாலையில், இஞ்சின் ஓட்டுகிறவர். அம்மாவின் தம்பி, என் மாமா, பதுளை டவுனில் ஒரு கராஜில் லொறி பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாமாவுக்குத்தான் படகு ஆசை வந்தது. மொனராகலைக்கும் அப்பால் ஆற்றை மறித்து ஒரு பெரிய குளம் கட்டியிருந்தார்கள். குளம் என்று சொன்னாலும் கடல் மாதிரிதான், அக்கரை கண்ணுக்குத் தெரியாது என்பார் மாமா. ஒரு படகு இருந்தால் ஆள் ஏற்றலாம், மரக்கறி ஏற்றலாம், மீன் பிடிக்கலாம், யாருக்கும் சலாம் போடாமல் பிழைக்கலாம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு முடிந்துவிடும். குளத்துப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் இருப்பதால் அவர்களோடு நானும் போவதென்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அம்மா எனக்குப் புதுச் சட்டை தைக்கத் தொடங்கியிருந்தாள். தைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள்.

படகை விற்க வந்த மனிதர் அந்தக் குளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்களைப் போலத் தோட்டத்தில் பிறந்து, அணை கட்டும் வேலைக்குப் போய், அங்கேயே தங்கியவர். அணை கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வேடிக்கைக்காக வேகப்படகு ஓட்டியிருக்கிறார். ஊருக்குப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். இவர் கேட்ட விலையோ மிகவும் குறைவு. மாமா துள்ளிக் குதித்தார். அப்பாவுக்கு அந்தக் குறைந்த விலைதான் உறுத்தியது.

"இந்த விலைக்கு ஒரு நல்ல மோட்டர எவன் குடுப்பான்? உள்ள என்னமோ இருக்கு."

"அங்க கலாட்டா நடந்துச்சுல்ல மச்சான், அதான் விட்டுட்டு வந்துட்டாரு. இப்ப எல்லாம் அடங்கிருச்சு. போலீஸ் போட்டிருக்காங்க" என்றார் மாமா.

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. கலாட்டா என்றால் எனக்குத் தெரிந்தது, திருவிழாவில் காவடி ஆடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் சண்டை. அதற்காக ஒரு மனிதர் படகை விற்பாரா என்று நானும் யோசித்தேன். ஆகவே மோட்டருக்குள் ஏதோ இருக்கிறது என்று அப்பா சொன்னதை நம்பினேன். அப்பா அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்றும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தை நடத்துகிற துரை கிளப்புக்குப் போயிருந்த நேரத்தில், படகும் மோட்டரும் லொறியில் வந்து இறங்கின. ஸ்டோருக்கு மேலே ஒரு குளம் உண்டு. பழைய நாளில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றுவதற்காகக் கட்டியது. அங்கேதான் சோதனை. விற்க வந்தவர் மெலிந்து, முகம் மழிக்காமல் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்பா முதலில் மோட்டரைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டச் சொன்னார். மேல்மூடியைத் தொட்டுப் பார்த்தார். "மக்கர் பண்ற மோட்டர்னா முன்னாடியே சூடாக்கிக் கொண்டாந்திருப்பான், தொட்டா தெரிஞ்சிரும்" என்று மாமாவின் காதில் சொன்னார். மூடி சில்லென்று இருந்தது. மாமா கயிற்றைச் சுற்றி இழுக்கப் போனார்.

"மெதுவா இழுங்க, ஒரே இழுப்புல புடிச்சிரும்" என்றார் அந்த மனிதர்.

அப்படியே பிடித்தது. பீப்பாயிலிருந்த தண்ணீர் பொங்கி என் பாவாடையை நனைத்தது. மாமா முகமெல்லாம் பல்.

அப்பா விடவில்லை. மோட்டரை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் கரி படியாமல் ஒரே மாதிரி தவிட்டு நிறத்தில் இருந்தன. பிளக் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மாமாவிடம் மோட்டரின் கயிறு சுற்றுகிற சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். காற்று அவர் விரலைப் பிடித்துத் தள்ளியது. இன்னொரு ஓட்டையிலும் அதே பலம். அடிப்பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்தார். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்குமாம். வெளுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டி அடுத்ததற்குப் போனார். குறை அகப்படாமல் போகப் போக அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. நல்ல மோட்டரைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு கலங்கியதை நான் பிறகு கண்டதில்லை.

"சும்மா ஓடினா எதுவும் நல்லாத்தான் ஓடும். பாரம் ஏத்திப் பாக்கணும்" என்றார் அப்பா.

பாரத்துக்கு அப்பாவும் நானும் ஏறினோம். மாமா பின்னால் உட்கார்ந்து மோட்டரைப் பிடித்தார். விற்க வந்தவர் கரையிலேயே நின்றார். படகின் பக்கத்தில்கூட வரவில்லை. மாமா கைப்பிடியைத் திருகியதும் படகின் மூக்கு மேலே எழுந்தது. எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அது இறங்கியபோது கல் அணை நேராக எங்கள் மேல் ஓடி வந்துகொண்டிருந்தது. "திருப்புடா!" என்று அப்பா கத்தினார். மாமா திருப்பினார். ஒரு பக்கம் சாய்ந்து, அணையின் பாசியைக் கையால் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்கு ஒட்டி வளைந்து வந்தோம். நான் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். செத்துப்போனாலும் பரவாயில்லை, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். மோட்டர் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா பின்னால் குனிந்து தண்ணீரையே பார்த்தார். படகு போன வழியில் வானவில் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது.

"அடியில கசியுது. தண்ணியத் தள்ளுற விசிறிக்குப் பின்னால தூண்டி நூலு கீலு சுத்தியிருக்கும். கழட்டிப் பாத்துருவோம்."

எனக்கு உயிர் வந்தது. கரைக்கு வந்து மோட்டரைத் தூக்கிச் சாய்த்து, அப்பா விசிறியின் ஆணியைப் பிடுங்கப் போனபோது அந்த மனிதர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அது மட்டும் வேணாம்ணே. மத்த எதை வேணும்னாலும் பாருங்க."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னத்த மறைக்கிறீங்க? காலையில இருந்து எல்லாத்தையும் காட்டிட்டு இத மட்டும் ஏன் வேணாங்கிறீங்க?"

அந்த மனிதர் பிடித்த கையை விடவில்லை. அப்பா மெதுவாக அந்தக் கையை விலக்கினார். ஆணி வந்தது. விசிறி கழன்றது.

உள்ளே, சுழல்கிற தண்டைச் சுற்றி, துணி இறுகிக் கிடந்தது. எண்ணெயில் கறுத்திருந்தாலும் ஓரத்தில் சிவப்புக் கரை தெரிந்தது. சேலைத் துணி. அப்பா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்கண்ணே."

அந்த மனிதர் மண்டியிட்டு உட்கார்ந்தார். நகத்தால் துணியின் நுனியைத் தேடி எடுத்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பிரித்துக்கொண்டே, யாரிடமோ கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி பேசினார்.

"அந்தக் கலாட்டாவுல கத்தி கம்போட வந்துட்டாங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாத்தையும் போட்டுல ஏத்தினோம். எம் பொஞ்சாதி, இவதான் தண்ணியில நின்னு ஒவ்வொண்ணா தூக்கிக் குடுத்தா. கடைசியா இவ ஏறணும். கரையில சத்தம் நெருங்கிருச்சு. அவ ஏறிட்டானு நெனச்சிட்டேன். ஒரே இழுப்புதான்."

இன்னொரு சுற்றைப் பிரித்தார்.

"புள்ளைங்க எல்லாம் பொழச்சிருச்சுங்க."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டு அணைக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கத்தியை மடக்கினார். துணி முழுவதும் வந்ததும், அந்த மனிதர் அதைக் குளத்தில் அலசி, பிழிந்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்பா தண்டைத் துடைத்து, விசிறியைத் திருப்பி மாட்டினார். அவ்வளவு கவனமாக அவர் எதையும் மாட்டி நான் பார்த்ததில்லை. பிறகு மாமாவைப் பார்த்து, "வேணாம்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

எனக்கு அந்த மனிதர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியிலும், பிள்ளைகளெல்லாம் படகில் போனார்கள், ஒரு அக்காவின் சேலை சிக்கிக்கொண்டது, அதனால் மோட்டரில் எண்ணெய் கசிகிறது, ஆகவே அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்பதுதான் விளங்கியது. நான் அம்மாவை விட்டுப் போக வேண்டியதில்லை. குளத்தங்கரையில் குதிக்காத குறை.

சாமான்களை மறுபடி லொறியில் ஏற்றினார்கள். மாமா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினார். கீழே நாங்கள் குடியிருந்த லயத்து வாசல் வரைக்கும் நானும் பின்தட்டில் ஏறிக்கொண்டேன். எனக்கு எதிரே அந்த மனிதர், சாய்த்து வைத்த மோட்டரைக் காலால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். விற்காமல் போனதால்தான் அவர் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் கொஞ்சம் அவருக்கும் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"கவலப்படாதீங்க. துணியத்தான் எடுத்தாச்சுல்ல. நல்லா கழுவிட்டா வேற யாராச்சும் வாங்கிக்குவாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "நல்லா கழுவணும்."

ஒரு பெரிய மனிதருக்கு நல்ல யோசனை சொல்லிவிட்ட பெருமையில், லொறி வளைவுகளில் ஆட ஆட, லயம் வரும்வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.