பாங்குக்குப் பிறகு எழும்ப மறுத்த கொம்பியூட்டர்

ஒன்றரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்பு, ஒரு பாடசாலை அதிபரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன்.

சாய்ந்தமருதில் என் வீட்டு முன்னறைதான் என் டைப்பிங் கடை. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிறது. ரோட்டில் செக்பொயின்ட் குறையக் குறைய என் கடையில் கூட்டம் கூடுகிறது. வெளிநாடு போக, கடை திறக்க, காணிக்கு உறுதி கேட்க... எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பம் வேண்டுமே!

அதிபர் வந்தது ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த கையோடு. ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை எல்லாப் பரீட்சைத் தாள்களையும் இனி ஒரே இடத்தில் டைப் பண்ணக் கொடுக்கப் போகிறாராம். தவணைக்குத் தவணை தவறாமல் வரும் வேலை. எனக்கு வாயெல்லாம் பல்.

"ஒரு கேள்வித்தாள அடிச்சுக் காட்டுங்க தங்கச்சி, பாப்பம்" என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த கொம்பியூட்டரைத் தட்டி எழுப்பினேன். திரை உடனே வந்தது. டைப் பண்ணும் புரோகிராமைத் திறந்தேன்... வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அதிபர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதிபரைப் பார்த்தேன்.

"மெஷினுக்கு ஏலாது போல" என்றார் கடைசியில். "கல்முனை பஸார்ல ஏசி போட்ட கடை ஒண்டு இரிக்கி. அவங்களும் இந்த வேலையக் கேட்டவங்க. வாற சனிக்கிழமை ஒருக்கா வந்து பாக்கன். அப்பயும் இப்பிடித்தான் எண்டா ஒண்டும் நினைக்கப்படா, என்ன?"

ஒரு கிழமை கெடு. பரீட்சை பிள்ளைகளுக்கு இல்லை — எனக்கு!

இந்த வியாதி புதிதல்ல. காலையில் இயக்கினால் புரோகிராம் சட்டென்று வரும். மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகும் பின்னேரம் அஸருக்குப் பிறகும் தூக்கத்திலிருந்து எழுப்பினால் மட்டும் இந்தச் சண்டித்தனம்.

என் கணவரின் தம்பி கொம்பியூட்டர் திருத்துகிறவர். அண்ணன் மனைவி நான் அவருக்கு மச்சி. ஊரில் பாதி மெஷின்கள் அவர் கைபட்டவை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்தார், பார்த்தார். "வைரஸ் மச்சி. எல்லாத்தையும் அழிச்சுப் போமட் அடிக்கணும்" என்றார். அடித்தார். அன்று முழுக்க நான் தமிழ் எழுத்துருக்களைத் தேடித் தேடிப் போட்டதுதான் மிச்சம். திங்கட்கிழமை லுஹருக்குப் பிறகு அதே வட்டம், அதே ஒன்றரை நிமிடம்.

அடுத்த தீர்ப்பு: "மெஷின் பழசாப் பெய்த்து மச்சி. புதுசு ஒண்டு எடுங்க."

புதிது எடுக்க எங்கே போவது? என் கணவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "ஏலாட்டி உடு புள்ள. கடைய மூடிட்டுக் கொஞ்ச நாளைக்குச் சும்மா இரேன்."

எனக்கு வந்ததே கோபம்! அவர் மேல் இல்லை, அந்தப் பெட்டியின் மேல். சுனாமிக்கு முன்பு நான் தையல்காரி. தையல் மெஷினையும் அது இருந்த வீட்டையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. முகாமில் நடந்த வகுப்பில், முப்பத்தெட்டு வயதில், என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகிய தொழில் இது. கடலோடு சண்டை போட என்னால் முடியவில்லை. ஒரு பெட்டியிடமும் தோற்றுப் போவதா?

இங்கே என் கடையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு கொம்பியூட்டர்கள். டைப் பண்ணுவது முன்னறையில். இடமில்லாததால் பிரிண்டரும், அது பூட்டிய இன்னொரு கொம்பியூட்டரும் உள்ளறையில். நடுவே ஒரு வயர். முன்னறையில் அடிப்பது உள்ளறையில் அச்சாகி வரும். காலையில் இரண்டையும் சேர்த்தே இயக்கிவிடுவேன்.

பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எங்கள் வீடுகளில் ரேடியோ, டிவி எல்லாம் அடங்கிவிடும், இல்லையா? நான் கொம்பியூட்டர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். இரண்டையும் தூங்க வைத்துவிட்டுத்தான் தொழப் போவேன். வந்ததும் முன்னறைக்காரனை மட்டும் எழுப்புவேன். உள்ளறைக்காரனை எதற்கு வீணாக எழுப்ப? அச்சடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் — கரண்ட் மிச்சம்.

புதன்கிழமை லுஹர் பாங்கு. பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் மாதத்தில் சில உண்டு. எனக்கு அது அப்படி ஒரு நாள். உள்ளறையில் ஒரு விவசாயச் சங்கத்தின் நாற்பது பக்க யாப்பு விதித் தொகுப்பு அச்சாகிக்கொண்டிருந்தது. தொழப் போகாத நான் அதை ஏன் நிறுத்த வேண்டும்? ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். முன்னறைக்காரனை மட்டும் பழக்க தோஷத்தில் தூங்க வைத்தேன். பாங்கு முடிந்ததும் எழுப்பி, புரோகிராமைத் திறந்தால்... சட்டென்று வந்து நிற்கிறது!

மறுபடி தூங்க வைத்தேன், எழுப்பினேன். சட்டென்று வந்தது. அச்சு முடிந்ததும் உள்ளறைக்காரனைத் தூங்க வைத்துவிட்டு அதையே செய்து பார்த்தேன். வட்டம்! உள்ளே ஓடிப்போய் அவனை எழுப்பிவிட்டு வந்து செய்தேன். வட்டத்தைக் காணோம். முன்னறைக்கும் உள்ளறைக்குமாக எத்தனை தடவை ஓடினேனோ, அன்று உலையில் வைத்த சோறு குழைந்து போனது.

விஷயம் இவ்வளவுதான். இந்தப் புரோகிராம் திறக்கும்போதே பிரிண்டரைத் தேடுகிறது. தாளின் அளவை அதனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிரிண்டர்காரனோ உள்ளறையில் நல்ல தூக்கம். கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் தன் வேலையைப் பார்க்கிறது. வைரஸும் இல்லை, வயதும் இல்லை. ஒருவனை எழுப்பி மற்றவனைத் தூங்க விட்ட என் சிக்கனம்தான் வியாதி.

இதை எந்த டெக்னீசியன் தம்பியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்களுக்கு மாதம் முப்பது நாளும் தொழுகை.

மருந்தும் சுலபம். தாளில் அடிக்காமல் கோப்பாக மட்டும் எழுதிவைக்கும் ஒரு பிரிண்டரின் பெயர், பிரிண்டர் பட்டியலில் சும்மா கிடந்தது. வழக்கமான பிரிண்டர் இதுதான் என்று அதற்கு டிக் போட்டேன். உண்மையான பிரிண்டரை அச்சடிக்கும் நேரத்தில் மட்டும் தெரிவு செய்கிறேன். இப்போது உள்ளறைக்காரன் எவ்வளவு தூங்கினாலும் முன்னறைக்காரனுக்குக் கவலையில்லை. உங்கள் கடையிலும் இப்படி வட்டம் சுற்றினால் முதலில் இதைப் பாருங்கள். போமட் அடிக்க ஓடாதீர்கள்.

சனிக்கிழமை அதிபர் வந்தார். வேண்டுமென்றே அஸருக்குப் பிறகுதான் வந்தார் என்று நினைக்கிறேன். கொம்பியூட்டரை எழுப்பினேன், புரோகிராமைத் திறந்தேன். அவர் கதிரையில் சரியாக உட்காரும் முன்பே திரையில் வெள்ளைத் தாள் தயார்.

"அட... புது மெஷினா?"

"இல்ல சேர், அதேதான்."

அவர் வாசலில் நின்ற என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "உங்கட தம்பியா திருத்தின?"

என் கணவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போனாரோ, நான் காத்திருக்கவில்லை.

"நான்தான் சேர்."

அதிபர் தன் பையிலிருந்து கேள்வித்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப ஆறாம் வகுப்புலருந்து தொடங்குங்க தங்கச்சி."

அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? என் கைத்தொழிலை விழாமல் நானே தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

பெருமையடிக்கக் கூடாது, தெரியும். அதனால்தான் எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் மட்டும் சொன்னேன் — உங்கள் வீடு பன்னிரண்டாவது.