முப்பத்தொன்றில் இருபத்துமூன்று

எமில் ஹ்ருஸ்கா பந்தைப் பார்க்கமாட்டார். மைதானத்தில் அறுபதாயிரம் பேர் பந்து போகும் திசையில் கழுத்தைத் திருப்பும்போது, அவர் மட்டும் பந்தை வீசியவனின் காலையும் கண்ணையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீச்சு நல்லதா மோசமா என்பதைக் கூட்டத்தின் கூச்சலே சொல்லிவிடும், அதைச் சொல்ல ஒரு சம்பளக்காரன் எதற்கு என்பது அவர் கட்சி.

ஹாமர்ஸ் அணிக்கு இருபத்தாறு வருஷமாக ஸ்கவுட் அவர். கல்லூரி கல்லூரியாகக் காரில் போய், எந்தப் பையன், கையால் பந்தை வீசி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய அணிகளுக்குத் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒஹையோவும் இண்டியானாவும் அவர் எல்லை. காரின் பின்சீட்டில் இஸ்திரி போட்ட சட்டைகள் தொங்கும், காலடியில் காபிக் கோப்பைகள் உருளும், பக்கத்து சீட்டில் மஞ்சள் தாள் நோட்டு கிடக்கும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம் அதை உதறிவிட்டு இதற்கு வந்ததை அவர் மனைவி லொரெட்டா இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிய நாட்களில் எல்லாம் இவர் ஏதாவது மோட்டலில் இருந்தார்.

அந்த வருஷம் ஹாமர்ஸ் பதினேழு ஆட்டங்களில் பதினான்கில் தோற்றது. கல்லூரிப் பையன்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏப்ரல் மாத டிராஃப்டில், மோசமாகத் தோற்ற அணிதான் முன்னால் நின்று ஆள் எடுக்கும். ஹாமர்ஸுக்கு இரண்டாவது இடம். எதைச் செய்தும் கிடைக்காத இடம் தோற்றுத் தோற்றுக் கிடைத்திருந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சுதான்: ஒரு குவார்ட்டர்பேக் வேண்டும். பந்தை வாங்கி, நான்கு பக்கமிருந்தும் எதிரணிக்காரர்கள் எருமைகள் மாதிரி பாய்ந்து வரும்போது நிதானமாக ஆள் பார்த்து வீசுகிறவன். அவன் சரியாக அமைந்தால் அணி பிழைக்கும். அமையாவிட்டால் மற்ற ஐம்பத்திரண்டு பேர் என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை.

கோல்பி ரென்ஷாவை எமில் நவம்பரில் பார்த்தார். ஆறடி நாலங்குலம், கதவு மாதிரி முதுகு, கல்லூரி அணியில் முழுசாக ஆடியது ஒன்பதே ஆட்டம். அதில் நான்கை எமில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். முதலில் வீச நினைத்த ஆளை எதிரணி மறைத்துவிட்டால் பையன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் எண்ணினார். அப்படி முப்பத்தொரு தடவை நேர்ந்தது. இருபத்துமூன்று தடவை பையனின் பார்வை மைதானத்தை விட்டுத் தன்மேல் பாய வருகிறவர்களின் கைகளுக்கு இறங்கியது. மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதினார்: 'நெருங்கினால் கண் கீழே போகிறது. 31இல் 23. பயம் அல்ல, பழக்கமின்மை. மூன்றாம் சுற்று. இரண்டு வருஷம் ஆடவிடாமல் உட்கார வைத்தால் ஆளாவான். உடனே இறக்கினால் உடைவான்.'

பிப்ரவரிக் கூட்டத்தில் ஒவ்வொரு ஸ்கவுட்டும் எழுந்து நின்று தன் அறிக்கையைச் சத்தமாகப் படிக்கவேண்டும். ஹாமர்ஸில் அது வழக்கம். எமில் படித்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பொது மேலாளர் ட்ரென்ட் ஹாலோவே தலையாட்டிக்கூட வைத்தார்.

கெடுத்தது மார்ச். மார்ச்சில் கல்லூரிகள் தங்கள் பையன்களை அணிகளுக்குக் காட்டுவதற்கென்று ஒரு நாள் வைக்கும். கூரை போட்ட மைதானம், ஒலிபெருக்கியில் பாட்டு, அரைக்கால் சட்டை. கவசம் கிடையாது. எதிரணி கிடையாது. முன்கூட்டியே எழுதி வைத்து ஒத்திகை பார்த்த அறுபத்திரண்டு வீச்சுகள். கல்யாண வீட்டுப் புகைப்படத்தைப் பார்த்து ஒருத்தியின் குணத்தைச் சொல்வதைப் போன்றது. ஆனாலும் வருஷம் தவறாமல் யாராவது ஒரு முதலாளி அங்கே போய் மயங்கி விழுகிறார். அந்த வருஷம் ரென்ஷாவைப் பார்த்து விழுந்தவர் ஹாமர்ஸின் முதலாளி வார்னர் பிளைத். கார் நிறுத்துமிடங்கள் கட்டிப் பணக்காரர் ஆனவர்.

"அந்தச் சத்தம் கேட்டியா ட்ரென்ட்? கையிலேர்ந்து பந்து கெளம்புற சத்தம்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்றார் பிளைத்.

"எனக்கும்தான் சார்" என்றார் ஹாலோவே. அவர் கைகளில் ஒரு மயிர்கூட எழும்பியிருக்கவில்லை.

"எதிர்ல காத்துதான் நிக்குது. காத்து யாரையும் கீழ தள்ளாது, மிஸ்டர் பிளைத்" என்றார் பின்னாலிருந்த எமில்.

பிளைத் திரும்பிப் பார்த்தார். "இவர் யாரு?"

"நம்ம ஆள்தான் சார். இந்தப் பக்கத்து ஸ்கவுட்."

"எப்பவுமே மூஞ்சிய இப்படித்தான் வெச்சிருப்பாரா?"

இருபத்தாறு வருஷத்தில் முதலாளி எமிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்னால் ஹாலோவே அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹாலோவேக்கு நாற்பத்தொரு வயது. தன்னைவிடப் பெரியவர்களை வேலையைவிட்டு அனுப்பும்போது தோளில் கை வைப்பார்.

"உக்காருங்க எமில். ரென்ஷா ஃபைல்ல உங்க ரிப்போர்ட் மட்டும் உறுத்திட்டு நிக்குது."

"உறுத்தட்டும். அதுக்குத்தானே சம்பளம்?"

"மத்த நாலு ஸ்கவுட்டும் முதல் சுற்றுன்னு மாத்திட்டாங்க."

"மாத்திட்டாங்களா? நவம்பர்ல குளிர்ல எங்கூடதான உக்காந்திருந்தாங்க? அதே பையன், அதே கண்ணு. நடுவுல என்ன நடந்துச்சு, அரைக்கால் சட்டை போட்டான். அவ்வளவுதான?"

"முதலாளி ஃபைலக் கேட்டிருக்கார். எல்லாம் ஒரே குரலா இருக்கணும்."

"அப்ப ஒருத்தனையே எழுதச் சொல்லுங்க ட்ரென்ட். பெட்ரோலாவது மிச்சமாகும்."

ஹாலோவே சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த நாட்காட்டியை ஒரு தாள் புரட்டினார். "உங்க ஒப்பந்தம் மே மாசம் முடியுதுல்ல?"

ஸ்கவுட்டுகள் எல்லோருக்கும் மே மாதம்தான் முடியும். டிராஃப்ட் நடந்து முடிந்ததும் அணிகள் ஆட்களைக் கழித்துக்கட்டும். அவர்கள் பார்த்துச் சொன்ன பையன்கள் ஒரு நாள்கூட ஆடியிருக்கமாட்டார்கள், சொன்னவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வெளியே போன ஸ்கவுட்டை வேறு அணி எடுத்ததாக எமில் கேள்விப்பட்டதில்லை.

அன்று மத்தியானமே ஃபைலில் இருந்த தன் அறிக்கையை மாற்றினார். 'மூன்றாம்' என்பதை எடுத்துவிட்டு 'முதல்' என்று போட்டார். கண்ணைப் பற்றிய வரியை அழித்துவிட்டு 'நெருக்கடியில் மேலும் மெருகேறுவான்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மஞ்சள் தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

லொரெட்டா வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்டாள். அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"நம்பித்தான் எழுதினியா?"

"இல்ல."

"பள்ளிக்கூட வேலைய விட்டப்ப என்ன சொன்ன? 'எனக்குக் கண்ணு இருக்கு லொரெட்டா, என் கண்ணுக்கு ஒருத்தன் சம்பளம் தர்றான்'னு. இப்ப மூடிக்கிறதுக்குத் தர்றானா?"

எமில் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது ஆளாக ரென்ஷாவை எடுத்தார்கள். இரண்டாவதாக எடுத்தவனை உட்கார வைக்க முடியுமா? அவன் படத்தைப் போட்டு டிக்கெட் விற்றாகிவிட்டது. செப்டம்பர் முதல் ஞாயிறே இறக்கினார்கள். அந்த சீசனில் ஐம்பத்தெட்டு தடவை அவனைத் தரையில் சாய்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எமிலுக்கு முன்பே தெரிந்தது: முதல் ஆள் மறைந்தான், கண் இறங்கியது, அடுத்த நொடி ஹெல்மெட் மண்ணில். அக்டோபருக்குள் கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. அவன் பந்தை வாங்கியதும் "கீழ பாரு! கீழ பாரு!" என்று அறுபதாயிரம் பேரும் ராகம் போட்டார்கள். இந்த அணியின் ரசிகர்கள் என்பதற்கே வெட்கப்பட்டு, முகம் தெரியாமல் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். மைதானத்தை விட்டுப் போகிறவன்மேல் பீர் ஊற்றினார்கள். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டாம் வருஷம் விலா எலும்பு. மூன்றாம் வருஷம் வீசும் தோள். அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரிப்பதற்குள் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

யார் பொறுப்பு என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ஹாலோவே ஃபைலைத் திறந்து காட்டினார்.

"நான் ஆதாரம் இல்லாம எடுக்கல. அந்தப் பகுதியில அப்பவே இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ள எமில் ஹ்ருஸ்கா, முதல் சுற்றுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். அவரை நம்பினது என் தப்புன்னா, தப்புதான்."

மே மாதம் ஹாலோவே எமிலின் தோளில் கை வைத்தார். கார் சாவியை வாங்கிக்கொண்டார். மறு வருஷமே வேறு ஓர் அணி ஹாலோவேயை இதைவிடப் பெரிய பதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டது.

எமில் வீட்டில் இருந்து பார்த்தார். முடியவில்லை. லொரெட்டாவாலும் முடியவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் எமில் அவளுடைய காரையே எடுத்துக்கொண்டு, யாரும் அனுப்பாமலேயே, இண்டியானாவில் ஒரு சின்னக் கல்லூரியின் பயிற்சிக்குப் போனார். அங்கே ஒரு குவார்ட்டர்பேக் நன்றாக வருகிறான் என்று பேச்சு. பன்னிரண்டு அணிகளின் ஸ்கவுட்டுகள் படிவரிசையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

"வழி விடுங்கப்பா, முதல் சுற்று வர்றார்!" என்று கத்தினார் லூயிசியானாக்காரர் லெராய் பொடோ. பதினெட்டு வருஷமாக எமிலோடு மோட்டல் காபி குடித்தவர்.

"எமில், அந்தத் தண்ணி ஊத்துறவன் எப்படி? முதல் சுற்றா?" என்றான் இன்னொருவன்.

"அவன் கண்ணு மேலதான் இருக்கு. உன்னவிடத் தேவல" என்றார் எமில்.

பொடோ சிரித்துவிட்டுப் பக்கத்திலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காருய்யா கெழவா." எமில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "எங்க டீம்ல ஒரு எடம் காலியாகுது. ஒஹையோ மட்டும். நான் சொன்னா நடக்கும். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அந்தப் பையன் விஷயத்துல உனக்கு எப்படிய்யா கண்ணு அவிஞ்சு போச்சு?"

எமிலின் கை சட்டைப் பைக்குப் போனது. நான்கு வருஷமாக அந்தத் தாள் ஒவ்வொரு சட்டையாக மாறிக்கொண்டிருந்தது. காட்டினால் கண் அவியவில்லை என்பது தெரிந்துவிடும். பிறகு கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். குருடன் என்ற பெயரை வைத்துக்கொண்டாவது இந்த வேலை கிடைக்கும். "எல்லாருக்கும் ஒரு தடவை சறுக்கும் லெராய்" என்று சொல்ல வாயெடுத்தார்.

மைதானத்திலிருந்து ஒருவன் படியேறி வந்தான். கல்லூரியின் தொப்பி, கழுத்தில் விசில். வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. கோல்பி ரென்ஷா. இந்தக் கல்லூரியின் குவார்ட்டர்பேக்குகளுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக் கொடுக்கிறான் என்பது எமிலுக்குத் தெரியாது. விதை கடிக்கும் சத்தம் நின்றது.

"மிஸ்டர் ஹ்ருஸ்காவா?"

"ஆமா."

"நெருக்கடியில மேலும் மெருகேறுவான். நீங்க எழுதினதுதான? பேப்பர்ல வந்துச்சு. எங்க அம்மா வெட்டி வெச்சிருக்கா."

எமில் அவனுடைய தாழ்ந்த தோளைப் பார்த்தார்.

"எதப் பாத்து எழுதினீங்க? நான் கோவத்துல கேக்கல. இல்ல, கோவத்துலதான் கேக்குறேன். என்கிட்ட எதப் பாத்தீங்க?"

பொடோ காலை நகர்த்தினார். எமில் தாளை எடுத்து நீட்டினார். மடிப்புகளில் பென்சில் தேய்ந்திருந்தது. கோல்பி அதை இரண்டு தடவை படித்தான்.

"இது எப்ப எழுதினது?"

"நவம்பர்ல."

"டிராஃப்ட் ஏப்ரல்ல."

"ஆமா."

"மூணாவது சுற்று..." கோல்பி சிரித்தான். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "மூணாவது சுற்றுல போயிருந்தா எங்கப்பா வெக்கத்துல வெளிய வந்திருக்கமாட்டார். ரெண்டு வருஷம் ஓரமா நின்னு வேடிக்கை பாத்திருப்பேன். தோள் என்கிட்ட இருந்திருக்கும்." தாளை எமிலிடம் திருப்பி நீட்டினான். "படிங்க. உங்க மீட்டிங்ல சத்தமாப் படிப்பீங்களாமே. இங்க உக்காந்திருக்கிறவங்க உங்களக் குருடன்னு நெனைக்கிறாங்க, என்ன உதவாக்கரைன்னு நெனைக்கிறாங்க. எழுந்து நின்னு படிங்க."

எமில் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. படித்தார். முப்பத்தொன்றில் இருபத்துமூன்று என்ற இடத்தில் ஒரு ஸ்கவுட் தன்னையறியாமல் விசிலடித்தான். பொடோவின் முகம் மலர்ந்தது.

"கண்ணுய்யா அது! அப்புறம் எப்படி..."

"இன்னொண்ணு இருக்கு" என்றார் எமில். அதற்குத் தாள் தேவைப்படவில்லை. "முதல் சுற்று. நெருக்கடியில் மேலும் மெருகேறுவான். எமில் ஹ்ருஸ்கா. ஏப்ரல்ல எழுதினது. மே மாசம் ஒப்பந்தம் முடியுதுன்னு சொன்னாங்க. மாத்திக் குடுத்தேன்."

கீழே யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேரில் நான்கைந்து பேர் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். கோல்பி எமிலின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினான்.

"அது..." என்றார் எமில்.

"என்னப் பத்தினது. என்னோடது."

அவன் இறங்கிப் போனான். எமில் உட்காரத் திரும்பினார். பொடோ கீழே வைத்த பையை எடுத்து மறுபடியும் பக்கத்து இடத்தில் வைத்திருந்தார். அவர் எமிலைப் பார்க்கவில்லை. மைதானத்தையே பார்த்துக்கொண்டு ஒரு விதையைக் கடித்தார்.

எமில் படிகளில் இறங்கிக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுப் பையன் பந்தை வாங்கினான். எமில் அவன் காலைப் பார்த்தார்.