தலைமாட்டுச் சுவர்

அந்தத் தெருவில் அவளுக்குப் பசைக்காரி என்று பெயர். யார் முதலில் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். ஆனால் பொருத்தமான பெயர்தான், மறுப்பதற்கில்லை. எப்போது பார்த்தாலும் அவள் விரல் நுனிகளில் மைதாப் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருக்கும்.

காலையிலிருந்து மாலை வரை திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. கிளம்பும்போது வெறுங்கையோடு வரமாட்டாள். வெட்டி எறிந்த ஓரத்துணி, அறுந்த குஞ்சம், துணிச் சுருளுக்கு நடுவே இருக்கும் கெட்டியான அட்டைக் குழாய் என்று எதெல்லாம் குப்பைக்குப் போக வேண்டுமோ அதெல்லாம் அவள் பைக்குள் போகும். கடைக்காரர் கண்டுகொள்வதில்லை. அவருக்குக் குப்பை அள்ளுகிற வேலை மிச்சம்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். புதிதாக ஒன்றை வாங்கிப் பழக்கமில்லாத வீட்டில் பிறந்தவள். பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்குப் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, அதன் மேல் படம் வரைந்து, பக்கத்து பெஞ்சுக்காரியைப் பொறாமைப்பட வைத்தவள். கல்யாணமாகி வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கணவர் நகரப் பேருந்து டிரைவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடுகிற குரல். "என்னைக்காவது குப்பை வண்டிக்காரன் ஆள் தெரியாம உன்னையும் சேத்து ஏத்திட்டுப் போகப் போறான்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அவள் முறைப்பாள். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

அந்தக் குரல்தான் இப்போது வீட்டில் இல்லை.

ஒரு நாள் காலை டிப்போவில் வண்டியில் ஏறப் போனவருக்கு வலது கால் படிக்கு எழும்பவில்லை. பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வாயும் கொஞ்சம் குழறலோடு தேறிவிட்டது, வலது கையும் காலும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். இருந்த ஒரே உள்ளறை அலமாரியும் மகளின் புத்தகங்களுமாக அடைந்து கிடந்தது. ஹாலிலும் கட்டிலை ஒரே விதமாகத்தான் போட முடிந்தது. வேறு எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு கதவு இடித்தது. தலைமாட்டுச் சுவரில், கட்டிலை ஒட்டினாற்போல் சமையலறை வாசல். கால்மாட்டுச் சுவரின் மூலையில் தெருக்கதவு.

அன்று தொடங்கியது ஆட்கள் வருவது. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அவரைப் பார்த்தார்கள், மருந்துப் பாட்டில்களைப் பார்த்தார்கள், கட்டிலுக்கடியில் இருக்கும் பேசினைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். நாத்தனார் ஒரு படி மேலே போனாள். "என்ன அண்ணி, அண்ணனுக்குத்தான் முடியலைன்னா வீட்டைப் பாத்தா வீட்டுக்கே முடியாத மாதிரி இருக்கே" என்றாள்.

பசைக்காரிக்குச் சுருக்கென்றது. சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். தலைமாட்டுச் சுவரில் பழைய சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. வெள்ளையடிக்க வழியில்லை, வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். அப்படியானால் ஒட்ட வேண்டியதுதான். ஒட்டுவது அவளுக்குப் புதிதா என்ன?

மகள் போனில் வீடியோக்களைத் தேடிக் கொடுத்தாள். அதில் ஒரு பெண் கலையாத தலையோடும் கசங்காத உடையோடும் உட்கார்ந்து, "வீட்ல கிடக்கிற பொருளை வெச்சே பத்தே நிமிஷத்துல உங்க ஹாலை மாத்திடலாம்" என்று சிரிப்பாள். அவள் வீட்டில் கிடக்கிற பொருள் எதுவும் இவள் வீட்டில் கிடக்கவில்லை. பத்து நிமிட வேலை பல மாலைகளைத் தின்றது. நியூஸ் பேப்பரைக் குச்சி குச்சியாகச் சுருட்டி ஒரு கூடு. முட்டை அட்டையை நறுக்கிப் பூக்கள். பெயின்டர் விட்டுவிட்டுப் போன டப்பா அடியில் சுரண்டியெடுத்த நீலத்தில் மூன்று பறவைகள். பொரிந்த சுண்ணாம்பை மறைக்க, திரைத்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து ஒரு பெரிய தொங்கல். கடையில் தைத்த கழுத்து வலியோடு வீட்டிலும் குனிந்து வெட்டினாள். அவருக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, சாப்பாடு ஊட்டிய பிறகு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் சுவருக்குத்தான் போனது.

பலன் இருந்தது. இப்போது வருகிறவர்கள் வாசலில் நின்றதும் கண்ணை நேராகச் சுவருக்குத் தூக்கினார்கள். "அட! நீங்களே பண்ணதா? கடையில வாங்கினது மாதிரி இருக்கு!" பெருமூச்சு குறைந்தது. பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டதில் வந்தவர்களுக்கும் நிம்மதி. முட்டை அட்டை என்று நாத்தனாரால் கடைசி வரை நம்ப முடியவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் ஆமாம், இல்லை. பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கித் தந்திருந்தாள். அதில் அவர் ஒரு தரம்கூட உட்காரவில்லை. துணி காயப் போட வசதியாக இருந்தது.

"தினம் கொஞ்ச நேரமாவது உக்காரணும்க்கா. இப்படியே படுத்திருந்தா இருக்கிற பலமும் போயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் எழுப்ப முடியாது" என்று அந்தப் பெண் வாசலில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

பசைக்காரி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். "உக்காந்து எந்த ஊருக்குப் போகப் போறேன்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். அவளுக்குப் பயம் வந்தது. மனுஷன் இப்படியே சுருங்கி ஒரேயடியாகப் படுத்துவிடுவாரோ என்று கடையில் மெஷினை ஓட்டும்போதுகூட நினைப்பு வந்து, தையல் கோணிக்கொண்டு போனது.

ஆணியில்லாத அலங்காரம் அல்லவா, அடிக்கடி விழும். ஒரு நாள் முட்டை அட்டைப் பூ ஒன்று கழன்று அவர் நெஞ்சில் விழுந்தது. இடது கையால் எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்து, "கொடுங்க, கசக்கிடாதீங்க" என்று வெடுக்கென்று வாங்கிப் பசை தடவி மறுபடி ஒட்டினாள். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நெஞ்சின் மேல் இருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. கவனிக்க நேரமில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம். அட்டைக் குழாய்களை ரம்பத்தால் வளையம் வளையமாக அறுத்து, மஞ்சள் பூசி, சுற்றிச் சுற்றி ஒட்டிப் பெரிய சூரியன் ஒன்று செய்திருந்தாள். அதைச் சுவரின் நடுவே ஏற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கினாள். எதையும் யோசிக்காமல் அப்படியே கட்டிலில், அவர் பக்கத்தில், அவர் தலையணையிலேயே சரிந்தாள். அவருக்கு முடியாமல் போன பிறகு அவள் அந்தக் கட்டிலில் படுப்பது அதுதான் முதல் தடவை.

படுத்ததும் கண் எதிரே கால்மாட்டுச் சுவருக்குப் போனது. சூரியன் இல்லை. பறவை இல்லை. அழுக்கேறிய மெயின் போர்டு. அதற்குள் ஓடும் கறுப்பு ஒயர்கள். ஈரம் ஊறிப் பரவிய ஒரு பழுப்புக் கறை. அவர் யூனிபார்ம் சட்டையை மாட்டுகிற பழைய ஆணி, சட்டையில்லாமல். போர்டில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

தலையை எவ்வளவு அண்ணாந்து பார்த்தாலும் தலைமாட்டுச் சுவர் தெரியவில்லை.

"ஏங்க" என்றாள். "இதையா பாத்துக்கிட்டு இருக்கீங்க இத்தனை நாளா?"

"வேற என்ன இருக்கு பாக்க?"

"நான் அங்க ஒட்டினது எதுவும் தெரியாதா உங்களுக்கு?"

"பூ ஒண்ணு பாத்தேன். நீ பிடுங்கிட்டே."

வருகிறவன் போகிறவன் எல்லாம் அவருடைய தலைக்கு மேலே பார்த்து ஆகா என்கிறான், அவர் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். இத்தனை மாலைகள் முதுகு ஒடிய யாருக்காக ஒட்டினாள்? நாத்தனாருக்காக. அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

"எல்லாத்தையும் பிச்சு அந்தப் பக்கம் ஒட்டிடறேன்" என்று எழுந்தாள். எழுந்திருக்கும்போதே அந்த வேலையின் பாரம் தோளில் ஏறிவிட்டது. அவர் இடது கையால் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம். ஒரு கண்ணாடி மாட்டு."

"கண்ணாடியா? உங்க மூஞ்சியப் பாக்கவா? தாடியோட பாத்தா நீங்களே பயந்துடுவீங்க."

"பின்னாடி பாக்கணும்" என்றார். "டிரைவர் பின்னாடி பாக்காம எப்படி?"

அலமாரிக் கதவில் பதித்திருந்த கண்ணாடி மூலையில் விரிசல் விட்டதால் கழற்றி எடுத்து வைத்தது இருந்தது. மகளும் அவளுமாக அட்டையில் ஒரு சட்டம் செய்தார்கள், விரிசலை மறைக்க மிச்சமிருந்த மஞ்சள் வளையங்களை மூலையில் ஒட்டினார்கள். அந்த யூனிபார்ம் ஆணியிலேயே மாட்டினார்கள். மேல்பக்கம் முன்னால் சாய்வதற்கு ஒரு குழாய்த் துண்டை முதுகில் சொருகினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் கட்டிலிலிருந்து. "இவ்ளோ வேணாம். ஏத்து. இப்ப இடது பக்கம். உன் இடது இல்ல, என் இடது!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் குரலை அவள் கேட்டு நாளாயிற்று. பசைக்காரி கண்ணாடியைப் பிடித்தபடி, "சூரியன் தெரியுதா?" என்றாள்.

"இல்ல. இன்னும் திருப்பு."

"இப்ப?"

"ஆங், போதும். விடு. இதுதான்."

"சூரியன் தெரியுதான்னு கேட்டேன்."

"அதெல்லாம் வேணாம். இது போதும்" என்றார். பிடிவாதக்காரர். அவளுக்குச் சலிப்பாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு மாட்டினால் சுவரின் ஓரத்தைப் பார்க்கிறாராம்.

மறுநாள் கடையில் பெரிய ஆர்டர். ஏதோ ஒரு ஹோட்டலுக்கு மாடி மாடியாகத் திரை. வீட்டுக்கு வந்தபோது இடுப்பு விட்டுப் போயிருந்தது. அவருக்கு டீ கொடுத்தாள், பேசினை எடுத்துக் கழுவினாள், "வலிக்குதா, கழுத்து வலிக்குதா?" என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். போனதும் தினமும் செய்வதைச் செய்தாள். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து, கண்ணை மூடி நின்றாள். அந்த வீட்டில் அவள் யாருக்கும் முகம் காட்ட வேண்டாத இடம் அது ஒன்றுதான். குழாயைத் திறந்து விட்டுக்கொள்வாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று.

"குழாயை மூடு" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "தண்ணி வீணாப் போகுது."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசல் வழியாக, எதிர்ச் சுவரில், மஞ்சள் வளையம் ஒட்டிய கண்ணாடிக்குள் அவர் கண்கள் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தினமும் இப்படித்தான் நிப்பியா?" என்று கேட்டார்.

அவள் குழாயை மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அந்த நாற்காலியில காயற துணியை எடு" என்றார். "பிள்ளையைக் கூப்பிடு. ரெண்டு பேரும் பிடிச்சு என்னை அதுல உக்கார வைங்க."

"இப்பவா? எதுக்கு?"

"நீ படு. வீட்டுல இருக்கிறது ஒரு கட்டில்தான்."

மகள் ஓடி வந்தாள். உடற்பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி இடுப்பில் துணியைச் சுற்றி, ஒருவர் கால் பக்கம், ஒருவர் தோள் பக்கம் என்று பிடித்து, வியர்த்து விறுவிறுத்து நாற்காலிக்கு மாற்றினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வலது கால் மிதியிலிருந்து நழுவி நழுவி விழுந்தது, மகள் எடுத்து எடுத்து வைத்தாள். பசைக்காரி கட்டிலில் சாய்ந்தாள். மெத்தையில் அவர் படுத்திருந்த குழி வெதுவெதுப்பாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தவர் கழுத்தை மெல்ல நிமிர்த்தி, தலைமாட்டுச் சுவரைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். பறவைகளைப் பார்த்தார். ஒட்டுத்துணித் தொங்கலை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சூரியன் கோணலா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.