பேர் வெட்டின குடம்

கொரட்டூர் ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்கு நடந்து வர்றேன். பழைய இரும்புக் கடை அண்ணன் கூப்பிட்டார்.

"யக்கா, இந்த எவர்சில்வர் குடத்துல உம் பேரு வெட்டிக்கீது. உன்னுதா?"

என் கல்யாணச் சீர்க் குடம்!

"உன் ஊட்டுக்காரரு போட்டுட்டுப் போனாரு. பேரு கீதே சார்னேன். யாருக்கும் வேணாம், எடுத்துக்கோன்னாரு."

யாருக்கும் வேணாமாம்.

குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"ஒரு வருஷமா யூஸ் பண்ணாததைத் தூக்கிப் போடணும்னு வீடியோல சொன்னாங்க"ங்கிறார். அவரோட மூணு உடைஞ்ச ஹெல்மெட்டும் பரண்ல பத்திரமா இருக்கு.

சரி, அதே சட்டப்படி கேக்குறேன். ஒரு வருஷமா ஒரு டம்ளர்கூடக் கழுவாத பொருள் ஒண்ணு எங்க சோபாவுல கிடக்கு. பேரும் வெட்டல.

போட்டுடலாமா?